கூரைக்குப் போட்ட பொன்னாடை

செபநாயகத்துக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

சட்டைக்குள் நுழைத்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. மூட்டுக்குள் சல்லிக்கல் சிக்கிக்கொண்டது போல ஒரு நறநறப்பு. ஐம்பத்தாறு வயதில் மண்வெட்டி பிடித்துக் கொங்கிறீட் குழைத்தால் வேறென்ன வரும்? முந்தின நாள் கொக்குவிலில் ஒரு மதில் வேலை. தூண் குழிகளுக்கான கலவையைத் தரையில் கொட்டி, இரண்டு கூலியாட்களோடு தானும் நின்று புரட்டிப் புரட்டிக் குழைத்தார். கலவை மெஷின் இருந்திருந்தால் காலைத் தேத்தண்ணிக்கு முன்பே முடிந்திருக்கும். பொழுது சாய்ந்துதான் முடிந்தது.

பத்மாசினி வந்து சின்னப் பிள்ளைக்கு மாட்டுவது போலப் புருசனுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள்.

"கிளிநொச்சியில வாடகைக்கு விட்ட மெஷினைத் திருப்பி எடுங்கோ. வாடகையும் வரேல்லை, மெஷினும் வரேல்லை. தோள்தான் போகுது."

அடுத்த கிழமை எடுக்கலாம் என்றார். கூரை வேலை முடிந்த நாளிலிருந்து அவர் சொல்லிவரும் அடுத்த கிழமை அது.

மெஷின் கிளிநொச்சிக்குப் போகவே இல்லை. சாவகச்சேரியில் கட்டடச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவரின் வளவில் ஈடாக நிற்கிறது. அந்த ஈட்டுக் காசு போன இடம்தான் மயூரதன் வீட்டுக் கூரை. இது பத்மாசினிக்கும் தெரியாது, மகன் றொபினுக்கும் தெரியாது.

காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கதிர்க் கழகம் மாகாணக் கரப்பந்துத் தொடரில் ஆடுகிறது. சம்பளத்துக்கு ஆடும் தொடர். எந்தக் கழகமும் ஒரு பருவத்தில் ஆட்டக்காரர் எல்லோருக்கும் சேர்த்து முப்பது இலட்சத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். காசாகக் கொடுத்தாலும் பொருளாகக் கொடுத்தாலும் ஒரே கணக்கு. கொழும்பில் ஆடிக்கொண்டிருந்த மயூரதனைக் கூட்டிவரப் போனபோது கடற்கதிரின் வரம்பில் நாலு இலட்சந்தான் மிச்சம் கிடந்தது. அவன் பன்னிரண்டு கேட்டான். தலைவர் மார்க்கண்டு நாலைத் தாளில் எழுதினார். மிச்சத்துக்கு, சாவகச்சேரிப் பக்கம் பாதியில் நின்ற அவன் வீட்டுக்குக் கொங்கிறீட் கூரை போட்டுத் தருவதாக வாயால் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். பொருளாளர் செபநாயகம். தொழில் மேசன்.

அவர் ஒன்பது ஆட்களோடு போய்க் கூரையைப் போட்டார். கம்பியும் சீமெந்தும் மார்க்கண்டுவின் கடையிலிருந்து வந்தன. மணல், சல்லி, பலகை வாடகை, கூலி எல்லாம் செபநாயகத்தின் தலையில் விழுந்தன. கொங்கிறீட் கொட்டி முடிந்த அன்று மாலையே மெஷினைக் கழுவி, ஈரம் காய முன்னர் ஈடு வைத்துவிட்டு வந்தார். ஆட்களுக்கு அரைக்கூலிதான் கொடுக்க முடிந்தது. மிச்சத்துக்கு, கம்பனிகள் தொடருக்குக் கொடுக்கும் அனுசரணைக் காசில் கழகத்தின் பங்கு வரட்டும் என்றார். கழகத்துக்கு வரவேண்டிய அந்தப் பங்கு, பன்னிரண்டு இலட்சம், இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவரை ஒருவரும் வாய் திறக்காமல் இருந்தால் மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்.

இன்று புதன். மயூரதன் வீடு குடிபுகுதல்.

கழகத்து வான் வண்டியில் அணிப் பெடியளோடு பெடியளாக மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். பத்மாசினியின் மடியில் வண்ணத்தாள் சுற்றிய றைஸ் குக்கர். றொபின் கடைசி இருக்கையில் காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அணியில் பின்வரிசையில் விழுந்து விழுந்து பந்தெடுப்பவன் அவன். முழங்கை இரண்டிலும் தோல் கிடையாது. காங்கேசன்துறைக் கப்பல்துறையில் பயணிகளின் பொதி இறக்கும் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவனுக்கு முதல் தவணைச் சம்பளத்தோடு சரி. கேட்கும்போதெல்லாம் கழகத்தில் காசில்லை, பொறு என்று சொன்னவர் கழகத்தின் பொருளாளர், அதாவது அவனுடைய தகப்பன்.

நுணாவில் தாண்டிச் சாவகச்சேரிக்குள் நுழைகிற இடத்தில் வான் மெதுவானது. முன்னால் ஒரு உழவு இயந்திரம். பத்மாசினி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியோரம் கம்பி வேலி போட்ட ஒரு வளவு. உள்ளே ஏணிகள், இரும்புக் குழாய்கள், அடுக்கிய பலகைகள். அவற்றுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரு கலவை மெஷின். சங்கிலி போட்டு வேப்பமரத்தோடு கட்டியிருந்தது. உருளையின் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. உருளையில் சிவப்பு எழுத்தில் றொபின் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை எழுதியவனுக்கு அவள்தான் அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள்.

அவள் திரும்பினாள். செபநாயகம் மறுபக்கத்துத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளிநொச்சி கிட்டத்தான் கிடக்குப் போல," என்றாள்.

அவ்வளவுதான். பெடியளுக்கு முன்னால் அதற்கு மேல் அவள் கதைக்கவில்லை. றைஸ் குக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மயூரதன் வீட்டுக்கு முன்னால் தகரப் பந்தல். வாழைக்குலைகள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. பால் காய்ச்சி முடிந்து ஐயர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். செபநாயகம் செருப்பைக் கழற்றியதும் முதலில் நிமிர்ந்து கூரையைத்தான் பார்த்தார். விளிம்பு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. ஒரு ஈரக்கறை இல்லை. வெடிப்பு இல்லை. மார்கழி மழை இரண்டு கொட்டித் தீர்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. அவ்வளவு பதற்றத்துக்குள்ளும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

முன்வரிசைக் கதிரையில் ஜெனிஸ் இருந்தான். தொடரின் செயலாளர். முப்பது வயதுப் பொடியன், வெள்ளைச் சட்டை, பவ்வியமான பேச்சு. ஆட்டக்காரன் அழைத்தான், வந்திருந்தான். அவனுக்கு இரண்டு கதிரை தள்ளி மார்க்கண்டு, பட்டு வேட்டியோடு.

மார்க்கண்டு விடியற்காலையிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லியிருந்தார். கூரையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடக்கூடாது. யாராவது கேட்டால் மயூரதன் கொழும்பில் உழைத்த காசு. ஆட்டக்காரருக்குச் சொன்னார், வான் சாரதிக்குச் சொன்னார், சமையலுக்கு வந்தவர்களுக்குக்கூடச் சொல்லச் சொன்னார். மயூரதனின் தாய்க்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

குணலட்சுமி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கி மகனை வளர்த்தவள். அயலில் ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கினாலும் நாலு பேருக்குக் கேட்கச் சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பாள். கூரை போட்டுக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்தக் கூரைக்குக் கீழே போய்ப் படுப்பது அவளால் முடியாத காரியம். மகன் குளித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கிக்காரரிடம் போய் விபரம் சொல்லியிருக்கிறாள். சந்தையில் பொன்னாடையும் வாங்கி வைத்திருந்தாள்.

நாதஸ்வரம் நின்றது. ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்த இல்லத்தின் கொங்கிறீட் கூரையை முழுமையாக அமைத்துத் தந்து, ஒரு தாயின் கனவை நிறைவேற்றிய கடற்கதிர் விளையாட்டுக் கழகத்தினருக்கும், அதன் பொருளாளர் திரு. செபநாயகம் அவர்களுக்கும் குடும்பத்தினர் தமது நெஞ்சார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக்கொள்கின்றனர். திரு. செபநாயகம் அவர்களை முன்னால் வந்து கௌரவத்தை ஏற்றுக்கொள்ளுமாறு அன்போடு அழைக்கின்றோம்."

சனம் கைதட்டியது. மார்க்கண்டு தட்டவில்லை. ஜெனிஸ் தட்டினான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

செபநாயகம் நகரவில்லை. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். நாலைந்து ஃபோன்கள் அவர் முகத்துக்கு நேரே எழுந்தன. ஒருவன் முகநூலில் நேரலை என்று கத்தினான். குணலட்சுமி பொன்னாடையை விரித்துக் கொண்டுவந்து நொந்த தோளிலேயே போட்டு இழுத்துவிட்டாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட முயன்றார். இடது கை மட்டும் எழுந்தது. மனிசன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று பெண்கள் பக்கத்தில் கதைத்துக்கொண்டார்கள்.

பத்மாசினி தூணில் சாய்ந்து நின்று கூரையையும் புருசனையும் மாறிமாறிப் பார்த்தாள். வேப்பமரத்தடி மெஷின் எதற்காக அங்கே நிற்கிறது என்பது அவளுக்கு இப்போது முழுதாக விளங்கியது.

சமையல் கொட்டிலுக்குப் பின்னால் மார்க்கண்டு செபநாயகத்தைப் பிடித்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"செபம், அந்தப் பொடியன் இப்ப வந்து கேப்பான். உம்மட சொந்த அன்பளிப்பெண்டு சொல்லும்."

செபநாயகம் பொன்னாடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மார்க்கண்டு அவசரமாக விளக்கினார். கழகம் போட்ட கூரை என்று வந்தால் அதன் பெறுமதி மயூரதனின் சம்பளத்தோடு சேரும். வரம்பு உடையும். வெள்ளிக்கிழமைப் பங்கை நிறுத்திவைப்பார்கள், அபராதம் போடுவார்கள், புள்ளியை வெட்டுவார்கள். ஒரு தனி மனிதன் பாசத்தில் கொடுத்தது என்றால் அதற்குத் தொடர் ஒன்றும் செய்ய முடியாது. மேசன் ஒருவர் கூரை போட்டுக் கொடுத்தார் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். கடைக்காரரோ வாத்தியாரோ சொன்னால் நம்பமாட்டார்கள்.

"சொந்தமெண்டு சொன்னாப் பிறகு என்ரை காசு?"

"பங்கு வரட்டும். நான் இருக்கிறன்தானே."

"என்ரை மெஷின் அங்கை கட்டிக் கிடக்குது, அண்ணை."

"அதுக்குத்தான் சொல்லுறன். பங்கு வராட்டி மெஷினும் இல்லை, ஒண்டும் இல்லை. உம்மட பெடியன்ரை சம்பளமும் இல்லை. யோசியும்."

யோசிக்க என்ன இருந்தது? உண்மையைச் சொன்னால் காசு வராது. பொய்யைச் சொன்னால் காசு கழகத்துக்கு வரும். கழகத்திடம் கேட்கும் உரிமை அவருக்கு இருக்காது. இரண்டு பக்கமும் குழி. ஒரு குழிக்கு மேல் மட்டும் மார்க்கண்டுவின் வாய்வார்த்தை பலகை மாதிரிக் கிடந்தது.

ஜெனிஸ் வடையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். சாப்பிடும் இடத்தில் இதைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்றான். வீடியோ ஏற்கெனவே பரவிவிட்டது, மற்றக் கழகங்கள் ஃபோன் எடுக்கத் தொடங்கிவிட்டன, கேட்காவிட்டால் தன்னுடைய கழுத்துக்குத்தான் கத்தி என்றான். ஃபோனைப் பதிவில் போட்டுத் தண்ணீர்ப் பீப்பாவின் மூடியில் வைத்தான்.

"கூரை ஆரின்ரை செலவில போட்டது, அங்கிள்?"

செபநாயகம் மார்க்கண்டுவைப் பார்த்தார். மார்க்கண்டு கிடாரத்தில் கொதிக்கும் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை சொந்த அன்பளிப்பு."

"கழகம் ஒரு சதமும் தரேல்லையோ?"

"இல்லை."

"இனியும் கழகத்திட்டக் கேக்க மாட்டியளோ?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. மார்க்கண்டுவும் நினைத்திருக்கமாட்டார். சாம்பாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் இப்போது செபநாயகத்தின் வாயைப் பார்த்தார்.

"கேக்க மாட்டன்," என்றார் செபநாயகம்.

ஜெனிஸ் ஃபோனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். நல்ல மனம் அங்கிள் உங்களுக்கு என்றான். அவன் குரலில் நையாண்டி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் விலகியதும் கொட்டில் மறைப்புக்கு அந்தப் பக்கம் றொபின் நின்றது தெரிந்தது. கையில் வெற்று வாழையிலைக் கட்டு. காதில் வயர் இல்லை.

"எனக்குச் சம்பளம் தரக் காசில்லை. அவனுக்குக் கூரை," என்றான்.

"தம்பி, அது கழகம் போட்டது. நான் வேலைதான்..."

"இப்ப அந்தாளுக்குச் சொன்னது சொந்த அன்பளிப்பெண்டு. எது பொய், அப்பா? ஒண்டைச் சொல்லுங்கோ, நான் மற்றதை நம்புறன்."

செபநாயகம் பொன்னாடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிள்ளை இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பந்திக்குப் போகாமல் வானுக்குப் போய்விட்டான்.

மயூரதன் ஆறடி நாலங்குல உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்தான். கழகம் சம்பளத்துக்குப் பதிலாகப் போட்ட கூரை என்று அம்மாவிடம் தான் சொல்லவே இல்லை என்றான். பாசத்தில் போட்டார்கள் என்றுதான் சொல்லியிருந்தானாம்.

"களவாப் போட்ட கூரையெண்டு தெரிஞ்சா அவ உள்ளுக்கையே கால் வைச்சிருக்க மாட்டா, அண்ணை."

அவனைத் திட்ட முடியவில்லை. அவன் சட்டத்தை எழுதவும் இல்லை, மீறவும் இல்லை. தன் பந்தடிக்கு ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு ஊர் தலையாட்டியது.

திரும்பி வரும்போது அந்தக் கம்பி வேலி வளவு பத்மாசினியின் பக்கம் வரவில்லை, செபநாயகத்தின் பக்கம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொக்குவிலில் மார்க்கண்டுவின் ஹாட்வெயார் கடை. காரில் வந்தவர் முன்னரே வந்து வேட்டியை மாற்றிக்கொண்டு மேசையில் இருந்தார். செபநாயகம் வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஆறுதலாக இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் இறங்கினார். பத்மாசினியும் இறங்கி வந்து சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை பங்கு வந்ததும் தன்னுடைய காசை முதலில் எடுத்துத் தரும்படி செபநாயகம் கேட்டார். வேண்டுமென்றால் ஒரு துண்டில் எழுதித் தந்தாலும் போதும் என்றார்.

மார்க்கண்டு எழுந்து கதவைச் சாத்தினார். எழுதித் தந்தால் அதுவே சாட்சி என்றார். அது மட்டுமில்லை. கேட்க மாட்டேன் என்று பதிவில் சொன்ன ஒருவருக்குக் கழகக் கணக்கிலிருந்து இனி எந்தப் பெயரிலும் காசு காட்ட முடியாது. ஜெனிஸ் கணக்கைத் தோண்டாமல் விடமாட்டான். அடுத்த பருவம் வரை பொறுத்தால், கழகத்து மதில் வேலை, மைதானத்து வேலை என்று ஏதாவது தந்து மெல்ல மெல்லச் சரிக்கட்டலாம்.

"அடுத்த பருவமோ?"

"என்ன செய்யிறது, செபம். எனக்கு மட்டும் வலியில்லையோ?"

பத்மாசினி பைகளுக்குப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அந்தக் கூரைக்குப் போன கம்பிக்கும் சீமெந்துக்கும் உங்களுக்குக் காசு வந்திட்டுதோ, அண்ணை?"

மார்க்கண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கடைக் கணக்கு, தங்கச்சி. கடையையும் கழகத்தையும் குழப்பக்கூடாது."

"வந்திட்டுதோ எண்டுதான் கேட்டனான்."

வந்துவிட்டது. பருவத்தின் முதல் தவணை கழகத்துக்கு வந்த கிழமையிலேயே, மைதானப் பராமரிப்பு என்று போட்டு எடுத்ததை, அவள் விடாமல் கேட்டபிறகு ஒப்புக்கொண்டார். காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், தலைவர், பொருளாளர். பொருளாளர் எந்நேரமும் வேலைத்தளத்தில் சீமெந்துக் கையோடு நிற்கிற மனிதர், ஒவ்வொரு முறையும் தேடித் திரிய முடியாது என்று பருவத் தொடக்கத்திலேயே வெற்றுக் காசோலைகள் சிலவற்றில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். செபநாயகமும் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு நம்பிக்கையோடு போட்டுக் கொடுத்தார். அவருடைய கையெழுத்தில்தான் கடைக்காரரின் காசு வெளியே போயிருக்கிறது. றொபினின் இரண்டாம் தவணையும் அதில்தான் போயிருக்கிறது.

செபநாயகத்துக்கு மார்க்கண்டுவை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஓங்க வேண்டிய கை தோளுக்கு மேலே எழும்பாது.

"படிச்ச மனிசனெண்டு நம்பினனான்," என்றார்.

"நம்பிக்கைக்கு இப்ப என்ன குறைஞ்சது? கழகம் தப்பிட்டுது. அதைப் பாரும்," என்றார் மார்க்கண்டு.

வீட்டுக்கு வந்ததும் பத்மாசினி சண்டை பிடிக்கவில்லை. சீலையை மாற்றிவிட்டு வந்து, குடத்தை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எவ்வளவுக்கு ஈடு? இரண்டரை இலட்சம். வட்டி? சொன்னார். மீட்க இப்போது எவ்வளவு வேண்டும்? அதையும் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"மெஷின் போனது பரவாயில்லை. மெஷின் கிளிநொச்சியில ஓடுதெண்டு நான் சபைக்கு வாற சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனே. வாடகை வந்தாச் சபைக்குக் கதிரை வாங்கித் தாறனெண்டு போதகருக்குக்கூடச் சொல்லி வைச்சிருக்கிறன்," என்றாள். குசினிக்குள் போய்விட்டாள்.

றொபின் உடுப்பு மாற்றாமல் மோட்டச்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு துணியை உதறிவிட்டுச் சொன்னான். வானில் வரும்போது ஜெனிஸ் ஃபோன் எடுத்தானாம். சம்பளம் பாக்கி உள்ள ஆட்டக்காரர் யாராவது இருந்தால் நாளைக்குக் காலமை கொக்குவில் அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம் என்றானாம். தொடரே நேரடியாகக் கொடுக்க வழி பார்க்குமாம்.

"போகப்போறியோ?"

"ஓம்."

"என்ன சொல்லப்போறாய்?"

றொபின் தகப்பனைப் பார்த்தான். காலையில் கேட்ட அதே கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது அவன் பார்வையில் இருந்தது. போகும்போது யோசிக்கிறேன் என்றான். அவன் அங்கே சம்பளப் பாக்கியை மட்டும் சொன்னால் தகப்பனுடைய பொய் நிற்கும். கூரைக் கதையையும் சொன்னால் தகப்பன் பொய்யன் ஆவார். எல்லாம் அவனுடைய ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று பிள்ளையிடம் கேட்க செபநாயகத்துக்கு முகம் இல்லை.

வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது.

சுபாங்கன் நின்றான். கூரை வேலைக்கு வந்த ஒன்பது பேரில் மூத்தவன், கம்பி கட்டுகிறவன். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். எல்லோரும் குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள். சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. பத்மாசினி குசினி வாசலுக்கு வந்தாள்.

சுபாங்கன் உள்ளே வரமாட்டேன் என்றான். வீடியோ பார்த்ததாகச் சொன்னான். கிராமத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். பிள்ளைகளுக்குக்கூடக் காட்டினானாம், அந்தக் கூரைக்குக் கம்பி கட்டியது தான்தான் என்று.

"கழகத்தின்ரை காசு வரவேணும், வந்தாத்தான் தருவனெண்டு சொன்னியள், அண்ணை. நாங்களும் வாயைத் திறக்கேல்லை. இப்ப ஊர் கதைக்குது, செபமண்ணை தன்ரை சொந்தக் காசில போட்டுக் குடுத்தவரெண்டு. தலைவரும் முகநூலில உங்களை வாழ்த்திப் போட்டிருக்கிறார். சந்தோசம். எங்களுக்கு ஒரு எரிச்சலும் இல்லை. ஆனா அன்பளிப்புக் குடுக்கக் காசிருந்தா, கூலிக்கும் இருந்திருக்குமெல்லே?"

வெள்ளிக்கிழமை என்று சொல்ல செபநாயகம் வாயெடுத்தார். வெள்ளிக்கிழமையில் அவருக்கு இனி ஒன்றும் இல்லை. காசு வரும், தலைவரின் பேர் நிலைக்கும், கழகம் தப்பும். அந்த நாளை அவர் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வார்த்தைக்குக் கொடுத்துவிட்டார். கழகம் தரவேண்டும் என்று இப்போது சொன்னால், காலையில் சொன்னது பொய்யென்று ஐந்து பேர் சாட்சியாவார்கள்.

பத்மாசினிதான் கேட்டாள்.

"எவ்வளவு மிச்சம், தம்பி?"

"ஆளுக்குப் பன்னிரண்டாயிரம், அக்கா. ஒன்பது பேர்."

செபநாயகம் பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. மூன்று மாதமாகத் தெரிந்த தொகை அது. நேற்றுவரை கழகத்தின் கடன் என்று நினைத்துக் கொஞ்சம் நித்திரை கொண்டார். இன்று அது யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. மயூரதன் வீட்டுக் கூரைக்கு மிச்சக் கூலி, ஒரு இலட்சத்து எட்டாயிரம் ரூபா. கொடுக்க வேண்டியவர் செபநாயகம்.